பூவைக் கேட்டார்கள், சுந்தரியைக் கேட்கவில்லை

சண்முகசுந்தரியைப் பற்றி யாராவது "பாவம், வாயில்லாப் பூச்சி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயில்லாப் பூச்சியாம்! பதினொரு வருடமாக என் கடையில் பாதியை வாடகைக்கு எடுத்து, தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஹாஸ்டல் வார்டன் யூனிஃபார்ம் துணியைக் கொண்டுவந்து போட்டால், விரலால் ஒரு நிமிண்டு நிமிண்டிவிட்டு, "இது ரெண்டு துவைப்புக்குத் தாங்காது மேடம். பிள்ளைங்க குளிர்ல நிக்கணும்ல, வேற துணி வாங்கிட்டு வாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். வாய் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. தன் விஷயம் என்று வந்துவிட்டால்தான் அதை இழுத்துப் பூட்டிவிடுவாள்.

என் பெயர் ஆமினா. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பஜாரில் ஸ்வெட்டர், குல்லா, சால்வை விற்கிறேன். கடையின் இடது பாதி நான், வலது பாதி சுந்தரி. நான் சத்தமாகப் பேசுகிறவள். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றைப் பேசத் தெரியாது. அதனால் எனக்கு எதிரிகளும் உண்டு, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

போன ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சுந்தரிக்குத் தலைக்குமேல் வேலை. நாற்பது பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கை ஓயாததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேலேயே வைத்திருந்தாள். பழனியிலிருந்து தம்பி ராஜமுருகன் பேசினான்.

"அக்கா, அப்பாவைப் பாத்துக்க ஆள் பத்தல. லாவண்யா ஒருத்திதான் இருக்கா. நீ மேல என்ன பெரிய சோலி பாக்குற? மெஷினை இங்க கொண்டாந்து போட்டா இங்கயும் தைக்கலாம். ஞாயித்துக்கிழமை குலசாமி கோயில்ல பூ போட்டுப் பாத்துருவோம். சாமி என்ன சொல்லுதோ அதுபடி செய்வோம். வெள்ளனே கெளம்பி வந்துரு."

அவ்வளவுதான். வருகிறாயா என்று கேட்கவில்லை. உனக்குச் சரியா என்று கேட்கவில்லை. இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சரி ராஜா" என்றாள். போனை அணைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து மடிப்பைத் தொடர்ந்தாள். அந்த மடிப்பு கோணலாகப் போயிருந்தது. பதினொரு வருடத்தில் அவள் கையில் கோணல் மடிப்பை நான் பார்த்ததில்லை.

பூ போட்டுப் பார்ப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். காரியத்தைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. அடுத்தவர் சாமி வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. கிணறு வெட்ட, நிலம் வாங்கக் கேட்கிறார்களா, கேட்கட்டும். கிணற்றுக்கு வாய் கிடையாது, நிலத்துக்கு வாய் கிடையாது. நாற்பத்தைந்து வயது மனுஷியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, அவளைக் கேட்காமல் பூவைக் கேட்டால் அதற்கு என்ன பெயர்? சாமிக்கே கோபம் வராதா?

எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்! என் நிக்காஹ் அன்று என் பெரியப்பா, பெரியத்தா என்போம், உள்ளே வந்து, "ஆமினா, அப்பாஸைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?" என்று மூன்று தடவை கேட்டார். கேட்கத்தான் செய்தார், அதை மறைக்கவில்லை. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த மாமி, "சம்மதம்தான், புள்ள வெக்கப்படுது" என்று முடித்துவிட்டாள். நான் வெட்கப்படவில்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்பாஸ் நல்ல மனிதராக அமைந்தார். அது என் அதிர்ஷ்டம், வழக்கத்தின் பெருமை இல்லை. அன்றைக்கு விழுங்கின வார்த்தைக்கெல்லாம் சேர்த்துத்தான் இன்றைக்குவரை பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அப்பாஸ் கேலி செய்வார்.

சுந்தரிக்குப் பூ கேட்பது இது முதல் தடவை இல்லை. அவள் அப்பா பொன்னுச்சாமி பழனியில் யாத்திரை வருகிறவர்களுக்கு எட்டு அறை லாட்ஜ் வைத்திருந்தவர். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். எதற்கெடுத்தாலும் பூ. சுந்தரிக்குப் பதினெட்டு வயதில் நர்சிங் படிக்க ஆசை. திண்டுக்கல்லில் இடமும் கிடைத்தது. அப்பா பூ கேட்டார், சிவப்பு வந்தது. சுந்தரி தையல் வகுப்புக்குப் போனாள். "நர்சிங் படிக்கணும்னு சொன்னியாட்டி?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "விண்ணப்பம் வாங்கிட்டு வந்து அப்பா மேசை மேல வச்சேன்க்கா" என்றாள். மேசையில் வைத்தாளாம். வாயில் வைக்கவில்லை!

இருபத்தாறு வயதில் பழனிமுத்து. மேல்மலையில் காட்டை ஒட்டி இருக்கிற கிளாவரையிலிருந்து கேரட், பூண்டு ஏற்றிக்கொண்டு கீழே வருகிற லாரி டிரைவர். இவர்களுக்குத் தூரத்துச் சொந்தம். சுந்தரி அப்போது பழனியில் ஒரு துணிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவர் லாரியை நிறுத்துவார். பேசிக்கொண்டதெல்லாம் மழையைப் பற்றியும் மலைப்பாதையைப் பற்றியும்தானாம். இருந்தாலும் லாரி வராத நாளில் இவளுக்குச் சோறு இறங்காது. அவர் அம்மா முறையாகப் பெண் கேட்டு வந்தார். அப்பா பூ கேட்டார். "உத்தரவு இல்லம்மா" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். இவள் "சரிப்பா" என்றாள். பழனிமுத்து ஒரு வருடம் கழித்து வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு, இப்போது கிளாவரையிலேயே கேரட் போடுகிறார். இரண்டு பெண் குழந்தைகள். அதற்குப் பிறகு சுந்தரிக்கு வந்த வரன் எதுவும் பொருந்தவில்லை. இவளும் பொருந்தவிடவில்லை என்று நினைக்கிறேன்.

முப்பத்திரண்டு வயதில் கொடைக்கானலுக்கு வந்தாள். இங்கே தையல் கடை வைத்திருந்த அவளுடைய சித்தி காலை உடைத்துக்கொண்டு கிடந்தார். வெரசாக ஆள் வேண்டும் என்று இவளைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அந்த அவசரத்தில் பூ கேட்க மறந்துவிட்டார்கள். அவள் வாழ்க்கையில் உருப்படியாக அமைந்தது அது ஒன்றுதான். சித்தி போய்ச் சேர்ந்த பிறகு என் கடைக்கு மெஷினைக் கொண்டுவந்தாள். பின்னால் ஓர் அறை இருக்கிறது. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். அதன் சாவி அவள் இடுப்பில் இருக்கும். அறைக்குள் யாரும் கதவைத் தட்டாமல் வர முடியாது. எனக்கே அந்தச் சட்டம் உண்டு. சனிக்கிழமை ஹாஸ்டல் பிள்ளைகள் கிழிந்த பிளேஸரைத் தூக்கிக்கொண்டு வந்து, தைத்து முடிகிறவரை அவளிடம் கதை அளந்துகொண்டிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே போய், லாட்ஜில் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் மெஷினைப் போடவேண்டுமாம். போனால் திரும்பி வர முடியாது. பஜாரில் பாதிக் கடைக்கு எத்தனை பேர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்று கடையை அடைக்கிறபோது கேட்டேன்.

"சுந்தரி, உனக்கு என்னட்டி வேணும்?"

"சாமி என்ன சொல்லுதோ…"

"சாமியை நான் ஒண்ணும் சொல்லல. உன்னைக் கேக்குறேன்."

வெகுநேரம் கத்திரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு இங்கயே இருக்கணும்க்கா" என்றாள். சொல்லிவிட்டுத் திருடியவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நானா உன்னைக் கீழ இழுக்குறேன்? உன் தம்பிகிட்டச் சொல்லு!"

"அப்பா படுத்த படுக்கையாக் கெடக்கும்போது எப்படிக்கா சொல்றது? மனசாட்சி இல்லாதவன்னு சொல்லுவாங்க."

"வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். நீ இப்படியே இருந்து செத்துப்போ" என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். திட்டினேனே தவிர, எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானும் கிளம்பி நின்றேன். "அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நீ எதுக்கு?" என்றார் அப்பாஸ். "அவ போயிட்டா அந்தப் பாதிக் கடையில நீங்கதான் பாவாடை தைக்கணும், பரவாயில்லையா?" என்றேன். மனிதர் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

குலசாமி கோயில் கன்னிவாடிக்கு வெளியே ஒரு புளியந்தோப்பில் இருக்கிறது. கருப்பசாமி. பழனியில் இறங்கியதும் ராஜமுருகன் காரில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டான். முன் சீட்டில் பொன்னுச்சாமி ஐயா. எட்டு மாதத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டது. பேச்சு குழறும், ஆனாலும் புரியும். பின்னால் நாங்களும் லாவண்யாவும் அவள் மகள் தமிழ்மதியும். தமிழ்மதிக்கு ஆறு வயது. பொட்டலம் எடுக்கப்போகிற கை அவளுடையது. லாவண்யாவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதமாக மாமனாரைத் தூக்கி, துடைத்து, குளிப்பாட்டுவது அவள்தான். மகன்காரன் என்ன செய்கிறான் என்று கேட்கிறீர்களா? லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறானாம். பெற்ற அப்பனுக்கு ஒரு நாள் துண்டு நனைத்துத் துடைத்துவிட்டால் கை அழுகிப்போகுமா?

கோயிலில் நான் கார் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். ஐயாவை இறக்க முடியாததால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் அங்கிருந்தே ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டார். பத்தடி தூரம்தான், எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியது.

பூசாரி பொட்டலங்களை வைத்தார். ராஜமுருகன் சத்தமாகக் கேட்டான். "சாமி, எங்க அக்கா கீழ வந்து அப்பாவைப் பாத்துக்கிட்டு எங்க கூடவே இருக்கலாமா? உத்தரவு குடு." சுந்தரி கையைக் கட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது மாதிரி நின்றாள். தமிழ்மதி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

சிவப்பு அரளி.

யா அல்லாஹ், என் நெஞ்சுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது! அவர்கள் சாமிக்கு நான் மனதுக்குள் ஒரு சலாம் போட்டேன். சுந்தரியின் தோள் இறங்கியது. அவளும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

ராஜமுருகன் தலையைச் சொறிந்தான். "வெளக்குல எண்ணெய் கம்மியா இருக்கு பூசாரி. அதான் சாமி மொகம் குடுக்கல. எண்ணெய் ஊத்திட்டு இன்னொரு தடவை கேப்போம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்று சொல்வார்கள். இங்கே பூசாரிகூடச் சும்மாதான் நின்றார், தம்பிதான் இடம் கொடுக்கவில்லை! எண்ணெய் ஊற்றினார்கள். மறுபடி பொட்டலம் கட்டினார்கள். மறுபடி குழந்தை எடுத்தது. வெள்ளை.

"அப்பாடா! உத்தரவு கெடச்சிருச்சு" என்று ராஜமுருகன் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டான். "அக்கா, மாசக் கடைசிக்குள்ள வந்துரு. வண்டி அனுப்புறேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் தம்பி, அப்ப மொதல்ல வந்தது யாரு குடுத்த உத்தரவு?"

"ஆமினாக்கா, இது எங்க குடும்ப வழக்கம். நீங்க சித்த நேரம் சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் சாமியைக்கூடச் சும்மா இருக்க விடமாட்டேங்குறீங்க!" அவனை விட்டுவிட்டு சுந்தரி பக்கம் திரும்பினேன். எனக்கு அவள்மேல்தான் அதிக ஆத்திரம். "ஏட்டி, இப்பவாவது வாயைத் தொறக்கிறியா, இல்ல உன்னை இங்கயே தலைமுழுகிட்டு நான் பஸ் ஏறட்டுமா?"

சுந்தரி பூசாரியின் கையிலிருந்த வெள்ளைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை செருமினாள்.

"ராஜா, நான் வரமாட்டேன்."

"என்னக்கா சொல்ற? சாமியே சொல்லிருச்சு."

"சாமி மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுச்சு. ஆனா நான் அதுக்காகச் சொல்லல. ரெண்டு தடவையும் வெள்ளையே வந்திருந்தாலும் வரமாட்டேன். எனக்கு இஷ்டமில்ல. எனக்கு மேலதான் இருக்கணும். அங்க எனக்குத் தொழில் இருக்கு, ஒரு ரூம் இருக்கு, அதுக்குச் சாவி இருக்கு. எனக்கு அது பிடிச்சிருக்கு. நாப்பத்தஞ்சு வயசுல எனக்கு ஒண்ணு பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு நான் யார்கிட்டயும் உத்தரவு கேக்கணுமா?"

பூசாரி விளக்கைத் தூண்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். ராஜமுருகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப அப்பா கெடந்து நாறட்டும்ங்கிற?"

"மதினி, எனக்கு முடியல" என்று லாவண்யா அழ ஆரம்பித்தாள். "எட்டு மாசமாத் தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு. நீங்களும் வரலைன்னா நான் என்ன செய்வேன்?"

"உனக்கு முடியலைங்கிறது எனக்கு இப்பத்தான் தெரியும் லாவண்யா. போன்ல கேக்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் மதினின்னுதான சொன்ன? இதை இவன்கிட்டயாவது சொன்னியா?"

லாவண்யா புருஷனைப் பார்த்தாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. மொத்தக் குடும்பமும் இப்படித்தானா? ஒருத்தர் வலியை இன்னொருத்தர் பூவில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அப்போது கார்க் கதவில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. ஐயா இடது கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். சுந்தரி போனாள். எல்லோரும் காரைச் சுற்றிக் கூடினோம். அவருக்கு வாய் கோணியது, வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"அன்னைக்கும்… ஒரு தடவையோட நிறுத்தலம்மா."

"என்னைக்குப்பா?"

"கெளாவரைப் பையனுக்கு. மொதல்ல வெள்ளை வந்துச்சு. ரெண்டாவதும் வெள்ளை. எனக்கு மனசு ஒப்பல. லாரி ஓட்டுறவன், காட்டுக்குள்ள இருக்குற ஊரு. மூணாவது தடவை கேட்டேன். சிவப்பு வந்துச்சு. அதைத்தான் வீட்டுல வந்து சொன்னேன்."

சுந்தரி காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். பெரியவராவது, நோயாளியாவது, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சுந்தரி கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"எனக்கு உங்க மேல கோவமா இருக்குப்பா" என்றாள். அழவில்லை. "ரொம்பக் கோவமா இருக்கு. இது சீக்கிரம் போகாது. நீங்க படுத்துக் கெடக்குறீங்கன்னு நான் அதை முழுங்க மாட்டேன்."

ஐயாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "நீ ஒரு வார்த்தை… பிடிச்சிருக்குன்னு சொல்லியிருந்தா… நான் பூவே கேட்டிருக்கமாட்டேனே."

"நீங்க ஒரு வார்த்தை பிடிச்சிருக்கான்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே!"

சுந்தரி முந்தானையால் அவர் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, குனிந்து கேட்டாள்.

"சரி. இப்ப நான் கேக்குறேன். உங்களுக்கு என்னப்பா வேணும்? உங்களை யாரு பாத்துக்கணும்? பொய் சொல்லாம சொல்லுங்க."

அவர் திகைத்துப் பார்த்தார். எட்டு மாதமாக அவரை யாரும் இப்படிக் கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரி எது, மாத்திரை எது, கட்டில் எங்கே, ஆள் யார், எல்லாம் தம்பிகாரன் முடிவு. இன்றைக்குக் கோயிலில் கேட்ட பூகூட அவர் உடம்பைப் பற்றித்தான். அதைக்கூட அவரிடம் கேட்கவில்லை.

"பொம்பளைங்க கை வேணாம்" என்றார். "மருமக குளிப்பாட்டும்போது கூச்சமா இருக்கு. செத்துரலாம்போல இருக்கு. மகளும் வேணாம். அதைவிடக் கேவலம். ராஜா… நீ குளிப்பாட்டுய்யா. நீ தூக்கு. நான் உன்னை அப்படித்தான தூக்கி வளத்தேன்."

அக்காவை மலையிலிருந்து இறக்க வண்டி அனுப்பத் தயாராக இருந்த ராஜமுருகன், பக்கத்து அறைக்கு நடந்துபோகத் தயாராக இல்லை. "அப்பா, லாட்ஜுல காலைல ரூம் காலி பண்ற நேரம்… எப்படிப்பா…"

"இதுக்கும் ஒரு தடவை பூ போட்டுப் பாத்துருவோமா தம்பி?" என்றேன் நான். "எண்ணெய் நெறையத்தான் இருக்கு."

லாவண்யா சிரித்துவிட்டாள். அழுகைக்கு நடுவே சத்தமாகச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் அவளுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. "காலைல ரூமை நான் பாத்துக்கிறேன்" என்றாள் புருஷனிடம். "சாவி வாங்கி வைக்க எனக்குத் தெரியும். நாளைலருந்து மாமாவை நீங்க குளிப்பாட்டுங்க. என்னால இனிமே முடியாது." ராஜமுருகன் எல்லோர் முகத்தையும் பார்த்தான். கடைசியில் கருப்பசாமியையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அங்கேயும் ஆதரவு இல்லை. "சரி" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வருடம், எத்தனை பூ!

மாதம் ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சுந்தரி சொன்னாள். அதையும் தானாகவே, தனக்கு எது முடியும் என்று பார்த்துச் சொன்னாள். பழனியில் எங்களை இறக்கிவிட்டுப் போகும்போது ஐயா இடது கையைத் தூக்கி அசைத்தார். இவள் அசைக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. கோபம் இருக்கிறபோது இல்லாத மாதிரி ஏன் கையாட்ட வேண்டும்?

மூன்று மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். "என்ன பேச்சுட்டி பேசின! 'நீங்க கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே'ன்னு கேட்டியே, அந்த ஒரு கேள்விக்கு அந்த மனுஷன் ஆயுசுக்கும் பதில் சொல்ல முடியாது. இத்தனை வருஷமா இந்த வாயை எங்கட்டி வச்சிருந்த?" அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்தேன். சவரிக்காடு தாண்டியதும் குளிர் அடித்தது. நான் ஜன்னலை இழுத்து மூடினேன்.

"அக்கா, அப்பாகிட்ட நான் சொன்னது பொய்."

"எதுட்டி?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு சொன்னேன்ல. அது."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோயிலில் வராத அழுகை இப்போது வந்திருந்தது.

"அவரு கேட்டாருக்கா. பழனிமுத்து. அவங்க அம்மா பொண்ணு கேட்டு வந்துட்டுப் போன மறுநா, கம்பெனி வாசல்ல லாரியை நிறுத்திட்டு எறங்கி வந்தாரு. 'பெரியவங்க பேசுறது இருக்கட்டும். உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா, அதைச் சொல்லு. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், யாரு வேணாம்னாலும் நான் வந்து உங்க வாசல்ல நிப்பேன்'னாரு. என்னை அப்படிக் கேட்ட ஒரே மனுஷன் அவருதான்."

"நீ என்னட்டி சொன்ன?"

"'அப்பா பூ போட்டுப் பாத்துட்டுச் சொல்லுவாங்க'ன்னு சொன்னேன்க்கா."